திருவாசகமும் போப்பையரும்

ஜி.யு. போப் (ஜார்ஜ் உக்லோ போப், 1820 - 1908) ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு, கல்வியாளர், இலக்கண நூலாசிரியர், மொழிபெயர்ப்பாளர். திருக்குறள், நாலடியார், திருவாசகம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சபைக் குருமாரை ஐயர் என அழைக்கும் வழக்கத்தை ஒட்டி, தமிழ்நாட்டில் இவர் போப்பையர் என அறியப்பட்டார்.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஆவுடையார்கோயிலே திருவாசகத்தில் பாடப்படும் திருப்பெருந்துறை. மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட தலம் அது. ஒரு கிறிஸ்தவ குரு தன் எண்பதாவது வயதில் முடித்து வெளியிட்ட பெருநூல் அந்தத் தலத்தை மையமாகக் கொண்ட சைவ பக்தி நூல் என்பதே போப்பின் வாழ்க்கையில் மிகுதியாகப் பேசப்படும் செய்தி. அது பல தொன்மக் கதைகளையும் உருவாக்கியது. அக்கதைகளுக்கு அப்பால், போப் அந்நூலுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்பதை அவர் வாழ்க்கையின் நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திருப்பெருந்துறை

ஆவுடையார்கோயில் அறந்தாங்கிக்கு அருகில் உள்ள ஊர். கோயிலின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. இங்கே மூலவர் ஆத்மநாதர். கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் என்னும் பீடம் மட்டுமே உள்ளது. அம்மன் யோகாம்பாளுக்கும் திருவுருவம் இல்லை. சிவன் கோயில்களில் வழக்கமாகக் காணப்படும் நந்தியும் கொடிமரமும் இங்கில்லை. ஆவி பறக்கும் புழுங்கலரிசிச் சோறு கருவறை முன் படைக்கப்படுகிறது. விழாக்களில் வீதியுலா வருபவர் மாணிக்கவாசகர். கல்லில் மரவேலை போலச் செதுக்கப்பட்ட கொடுங்கைகளுக்காகவும் இக்கோயில் புகழ்பெற்றது. திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ளது.

திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சராக இருந்தார் என்றும், அரசனுக்குக் குதிரை வாங்கச் சென்ற வழியில் திருப்பெருந்துறையில் குருந்தமரத்தடியில் குருவாக அமர்ந்திருந்த சிவனால் ஆட்கொள்ளப்பட்டார் என்றும், குதிரைக்கான பொன்னைக் கோயில் பணிக்குச் செலவிட்டார் என்றும் புராணம் சொல்கிறது. நரி பரியானதும், வைகை பெருகியதும், பிட்டுக்கு மண் சுமந்ததும் அதன் தொடர்ச்சியான கதைகள். திருவாசகத்தின் 51 பகுதிகளில் பல திருப்பெருந்துறையில் அருளப்பட்டவை எனக் குறிக்கப்படுகின்றன.

பிரிட்டிஷ் ஆட்சியில் இப்பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. புதுக்கோட்டை மாவட்டம் 1974-ல் உருவானபோது அதனுடன் இணைந்தது. 1870-களில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருப்பெருந்துறைப் புராணத்தை இயற்றி இவ்வூரில் அரங்கேற்றினார். அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் தன் வரலாற்றில் அந்நாட்களை விரிவாக எழுதியுள்ளார். போப் தஞ்சாவூர் மாவட்டத்தில் பணியாற்றியது அதற்கு முந்தைய காலத்தில், 1850-களில். திருவாசகத்தை அவர் மொழிபெயர்த்து வெளியிட்டது அதற்கு நாற்பதாண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தில்.

பிறப்பு, கல்வி

ஜி.யு. போப் கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் உள்ள பெடெக் என்னும் ஊரில் ஜான் போப், கேத்தரின் உக்லோ இணையருக்கு ஏப்ரல் 24, 1820-ல் பிறந்தார். தாயின் குடும்பப் பெயரே இவருடைய பெயரின் நடுவில் உள்ளது. 1826-ல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி பிளிமத் நகரில் குடியேறியது. தம்பி வில்லியம் பர்ட் போப் பின்னாளில் மெதடிஸ்ட் திருச்சபையின் முதன்மையான இறையியலாளர்களில் ஒருவரானார்.

போப் வெஸ்லியன் மெதடிஸ்ட் கல்வி நிலையங்களில் பயின்றார். தன் முதல் தமிழ்ப் பாடம் 1837-ல் தொடங்கியது என அவரே பதிவு செய்துள்ளார். அதாவது இந்தியாவுக்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் கற்கத் தொடங்கிவிட்டார். 1839-ல் வெஸ்லியன் மிஷனரியாகச் சென்னை வந்தார். சென்னையில் இராமாநுஜ கவிராயரிடம் தமிழ் பயின்றார். மிஷனரிகள் பலருக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தவர் கவிராயர். மரபான முறையில் நன்னூல் பயின்ற இந்த அடித்தளம் போப்பின் பிற்கால இலக்கண நூல்களில் வெளிப்படுகிறது.

சென்னையில் போப் மெதடிஸ்ட் சபையிலிருந்து விலகி ஆங்கிலிக்கன் திருச்சபையில் இணைந்தார். 1843-ல் குருப்பட்டத்தின் முதல் படியைப் பெற்றார். எஸ்.பி.ஜி. எனப்படும் நற்செய்தி பரப்புக் கழகத்தின் ஊழியராகத் திருநெல்வேலிப் பகுதிக்குச் சென்றார்.

சாயர்புரம்

சாயர்புரம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. சாமுவேல் சாயர் என்னும் வணிகர் அளித்த நிலத்தில் கிறிஸ்தவர்களுக்காக உருவான ஊர். போப் 1842-ல் அங்கே பணியைத் தொடங்கினார். அருகே இடையன்குடியில் அதற்குச் சற்று முன்னர் ராபர்ட் கால்டுவெல் வந்து சேர்ந்திருந்தார். தமிழியலில் பெயர்பெற்ற இரு ஆங்கிலிக்கன் குருமார் ஒரே மிஷனில், ஒரே காலகட்டத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பணியாற்றினர்.

உள்ளூர் கிறிஸ்தவர்களிலிருந்து உபதேசியர்களையும் குருமாரையும் உருவாக்குவதற்காகப் போப் சாயர்புரத்தில் செமினரி ஒன்றை நடத்தினார். ஐரோப்பியச் செவ்வியல் மொழிகளும் அங்கே பாடமாக இருந்தன. பனையேறும் குடும்பங்களின் பிள்ளைகள் கிரேக்கமும் லத்தீனும் படித்தனர். மாணவர்களிடம் போப் மிகக் கண்டிப்பானவர். அவருடைய கல்விப் பணியைப் பாராட்டிய கால்டுவெல், அவருடைய ஒழுங்குமுறையில் இருந்த குறை அதன் கடுமைதான் என்றும் எழுதினார். இன்று சாயர்புரத்தில் போப் பெயரில் கல்லூரி உள்ளது.

போப் 1841-ல் மேரி கார்வரை மணந்தார். மேரி 1845-ல் தூத்துக்குடியில் இறந்தார். 1849-ல் போப் ஹென்ரியட்டா வான் சோமரனை மறுமணம் செய்துகொண்டார். இவர்களின் பிள்ளைகளில் மூவர் பின்னர் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றினர். 1849 முதல் 1851 வரை போப் இங்கிலாந்தில் தங்கினார். அப்போது ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்தின் முன்னோடிகளான புசே, கெபிள் போன்றோருடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. ஆங்கிலிக்கன் சபையின் தொன்மையையும் சடங்கு மரபையும் வலியுறுத்திய இயக்கம் அது. மெதடிஸ்டாகப் பிறந்த போப் சபை மரபில் உறுதியான ஆங்கிலிக்கனாக இந்தியா திரும்பினார்.

தஞ்சாவூர்

1851-ல் போப் தஞ்சாவூரில் பணியேற்றார். தஞ்சைக் கிறிஸ்தவ சபை ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் காலத்திலிருந்து வருவது. தரங்கம்பாடி லுத்தரன் மரபில் தோன்றிப் பின்னர் ஆங்கிலிக்கன் எஸ்.பி.ஜி. பொறுப்புக்கு வந்தது. அச்சபையின் பெரும் ஆளுமை வேதநாயகம் சாஸ்திரியார் (1774 - 1864). சரபோஜி மன்னரின் நண்பர், கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் சிற்றிலக்கியங்களும் இயற்றிய கவிஞர்.

லுத்தரன் முன்னோடிகள் சபைக்குள் சாதி வழக்கங்களை ஓரளவு பொறுத்துக்கொண்டனர். 1833-ல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாடு கூடாது என ஆணையிட்டார். சேர்ந்து அமர்வதும், ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பெறுவதும் கட்டாயமாயின. தஞ்சையின் வேளாளக் கிறிஸ்தவர்கள் இதை எதிர்த்தனர். சாஸ்திரியார் அவர்களின் குரலாக இருந்தார். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றுவது, திருமணங்களில் பூவும் இசையும் தடுக்கப்படுவது, சாதிகளைக் கலப்பது ஆகியவற்றை மிஷனரிகள் செய்த கொடுமைகள் என அவர் எழுதினார். இதில் இரண்டு வகைக் குரல்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. ஒன்று, தன் மொழியையும் இசையையும் காக்க விரும்பிய தமிழ்க் கவிஞனின் குரல். இன்னொன்று, சாதி மேன்மையைக் காக்க விரும்பிய குரல்.

போப் தஞ்சைக்கு வந்தபோது இந்தப் பூசல் இன்னும் அடங்கவில்லை. ஆங்கிலிக்கன் சபையிலிருந்து விலகியவர்களை லைப்சிக் லுத்தரன் மிஷன் ஏற்றுக்கொண்டது. போப் இதைக் கண்டித்து 1853-ல் தரங்கம்பாடி மிஷனரிகளுக்கு விடுத்த பகிரங்கக் கடிதத்தை நூலாக வெளியிட்டார். லுத்தரன் ஆக்கிரமிப்பு என்பதே அதன் தலைப்பு. நிலைப்பாட்டில் விட்டுக்கொடுக்காத, விவாதத்தில் கடுமையான போப்பை அதில் காணலாம். சாஸ்திரியாரின் தரப்பினருடனும் அவரால் இணங்கிப்போக முடியவில்லை. இறுதியில் அவர் தஞ்சைப் பணியிலிருந்து விலகினார்.

ஆனால் இந்த ஆண்டுகளிலேயே அவருடைய முக்கியமான தமிழ்ப் பாடநூல்கள் வெளியாயின. தமிழ் கற்கும் ஐரோப்பியர்களுக்கான கைநூல் 1855-ல் வந்தது. அன்றாடப் பேச்சிலிருந்து தொடங்கிப் படிப்படியாக எழுத்து வழக்குக்குக் கொண்டுசெல்லும் முறையில் அமைந்த அந்நூல் பல பதிப்புகள் கண்டது. நன்னூல் முதலிய மரபிலக்கணங்களை உள்ளடக்கிய பெரிய இலக்கண நூல் ஒன்றையும் வெளியிட்டார். மாணவர்களுக்காகத் தமிழ்ச் செய்யுட் கலம்பகம் என்னும் தொகைநூலை 1859-ல் கொண்டுவந்தார். சைவம், வைணவம், சமணம் என வேறுபாடு பார்க்காமல் தமிழின் நல்ல செய்யுள்களைப் படித்தாக வேண்டும் என்னும் எண்ணம் அதில் உள்ளது. சபைப் பூசலில் தோற்ற அதே இடத்தில் அவர் தமிழ் ஆசிரியராக வலுப்பெற்றார்.

உதகை, பெங்களூர்

1850-களின் இறுதியில் போப் உதகமண்டலத்தில் குடியேறினார். ஐரோப்பியச் சிறுவர்களுக்கான இலக்கணப் பள்ளியைத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தினார். நீலகிரியில் தோடர்களின் மொழியைக் கேட்டு அதற்கு ஒரு சுருக்கமான இலக்கணம் எழுதினார். அது தோடர்களைப் பற்றி மார்ஷல் எழுதி 1873-ல் வெளிவந்த நூலில் இணைக்கப்பட்டது. இந்திய மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா எழுதிய நூலின் ஆங்கில வடிவத்தை 1862-ல் பதிப்பித்தார். 1864-ல் கேன்டர்பரி பேராயர் அவருக்கு இறையியல் முனைவர் பட்டம் வழங்கினார்.

1871-ல் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இந்திய வரலாறு குறித்த பாடநூல் ஒன்றையும் அக்காலத்தில் எழுதினார். மொழியியலில் அவர் கால்டுவெல்லிடமிருந்து மாறுபட்டார். தமிழ் உள்ளிட்ட தென்னிந்திய மொழிகளுக்கும் கெல்டிக், ஜெர்மானிய மொழிகளுக்கும் உறவு உண்டு எனக் கருதிக் கட்டுரைகள் எழுதினார். பிற்கால ஆய்வு அதை ஏற்கவில்லை. திராவிட மொழிக்குடும்பம் தனித்தது என்ற கால்டுவெல்லின் கொள்கையே நிலைபெற்றது. ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லுக்கு உள்ள இடம் போப்புக்கு இல்லை. போப்பின் இடம் இலக்கிய வாசிப்பிலும் மொழிபெயர்ப்பிலும் உள்ளது.

ஆக்ஸ்ஃபோர்டு

1882-ல் போப் இந்தியாவை விட்டு இங்கிலாந்து திரும்பினார். அப்போது அவருக்கு வயது 62. பெரும்பாலான மிஷனரிகளுக்கு அது ஓய்வுக்காலம். போப்புக்கு அதுவே இலக்கிய வாழ்க்கையின் முதன்மைக் காலமாயிற்று. 1884-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு ஆசிரியரானார். இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான இளைஞர்கள் சென்னை மாகாணத்துக்குச் செல்லும் முன் அங்கே மொழி கற்றனர். 1886-ல் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முதுகலைப் பட்டம் அளித்தது. 1888-ல் பேலியல் கல்லூரியின் சேப்லினாக, அதாவது கல்லூரி ஆலயத்தின் குருவாக நியமிக்கப்பட்டார். காலையில் ஆலய வழிபாடு, பகலில் தமிழ்ப் பாடம், எஞ்சிய நேரத்தில் மொழிபெயர்ப்பு என அவர் வாழ்க்கை அமைந்தது.

திருக்குறள், நாலடியார்

போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-ல் வெளிவந்தது. 1330 குறள்களையும் ஆங்கிலச் செய்யுளாக்கினார். குறளின் ஓசையையும் சுருக்கத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவர முயன்றதால் சில இடங்களில் சொற்கள் முறுக்கப்பட்டன என விமர்சகர்கள் குறிப்பிட்டுள்ளனர். ஆனால் விரிவான குறிப்புகளும் சொல்லகராதியும் கொண்ட அப்பதிப்பு ஐரோப்பிய வாசகர்களுக்குத் திருக்குறளின் முக்கியமான வாயிலாக அமைந்தது. தனக்கு முன் குறளை மொழிபெயர்த்த பெஸ்கி என்னும் வீரமாமுனிவரின் லத்தீன் ஆக்கத்தையும், எல்லிஸின் ஆங்கில ஆக்கத்தையும் தன் நூலில் சேர்த்து அவர்களைப் போப் நினைவுகூர்ந்தார்.

முன்னுரையில் போப் முன்வைத்த ஒரு கருத்து பெரும் எதிர்ப்பைப் பெற்றது. மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் அங்கிருந்த கிறிஸ்தவர்களின் போதனைகளைக் கேட்டிருக்கலாம் என்றும், அதன் சாயல் குறளில் உள்ளது என்றும் அவர் கருதினார். இதற்கு வரலாற்றுச் சான்று ஏதுமில்லை. தான் வியந்த ஒரு நூலின் உயர்வுக்குத் தன் மதத்திலேயே ஊற்றைத் தேடிய மனநிலை அது. 1886-ல் போப் நின்ற இடம் அது எனக் கொள்ளலாம்.

நாலடியார் மொழிபெயர்ப்பை 1893-ல் ஆக்ஸ்ஃபோர்டு கிளாரண்டன் அச்சகம் வெளியிட்டது. சமண முனிவர்கள் இயற்றியதாகக் கருதப்படும் நானூறு வெண்பாக்களை மூலத்துடனும் குறிப்புகளுடனும் அளித்தார். புறநானூறு, புறப்பொருள் வெண்பாமாலை ஆகியவற்றின் பாடல்களையும் மொழிபெயர்த்து இதழ்களில் எழுதினார்.

திருவாசகம்

திருவாசக மொழிபெயர்ப்பு தொடங்கிய கதையைப் போப் அந்நூலின் முன்னுரையில் சொல்கிறார். பேலியல் கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் பிளாட்டோவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞர். ஒருநாள் இருவரும் கல்லூரி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது போப் மாணிக்கவாசகரைப் பற்றிப் பேசினார். அதை நீங்கள் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்றார் ஜோவெட். அத்தனை பெரிய வேலையை முடிக்கும் அளவுக்குத் தனக்கு ஆயுள் இருக்காது எனப் போப் தயங்கினார். பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்டநாள் வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்ற பொருளில் ஜோவெட் பதிலளித்தார். ஜோவெட் 1893-ல் இறந்தார். நூலை அவர் பார்க்கவில்லை.

1900-ல் கிளாரண்டன் அச்சகம் திருவாசகத்தை வெளியிட்டது. 51 பகுதிகளின் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும், மாணிக்கவாசகரின் வாழ்க்கை வரலாறும், சைவ சித்தாந்தம் பற்றிய விளக்கங்களும், சொல்லடைவும் கொண்ட பெரிய நூல் அது. உமாபதி சிவாச்சாரியாரின் திருவருட்பயனையும் மொழிபெயர்த்து இணைத்திருந்தார். முன்னுரையின் கீழ் அவர் குறித்த நாள் ஏப்ரல் 24, 1900, அவருடைய எண்பதாவது பிறந்தநாள். 1837-ல் கற்ற முதல் தமிழ்ப் பாடத்தை அங்கேதான் நினைவுகூர்கிறார். 63 ஆண்டுகாலத் தமிழ்க் கல்வியை இந்நூலுடன் நிறைவு செய்வதாக உணர்ச்சியோடு எழுதினார்.

மாணிக்கவாசகரைப் போப் புனித பவுலுடனும் அசிசியின் புனித பிரான்சிஸுடனும் ஒப்பிட்டார். ஒரு ஆங்கிலிக்கன் குருவுக்கு அதைவிட உயர்ந்த ஒப்பீடு அரிது. பவுல் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தும் அதிகாரியாக தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் ஆட்கொள்ளப்பட்டவர். மாணிக்கவாசகர் அரசனின் அமைச்சராகக் குதிரை வாங்கச் செல்லும் வழியில் ஆட்கொள்ளப்பட்டவர். பிரான்சிஸ் வணிகரான தந்தையின் பொருளைக் கோயில் திருப்பணிக்குக் கொடுத்துத் தண்டனைக்கு ஆளானவர். மாணிக்கவாசகர் அரசனின் பொன்னைக் கோயிலுக்குக் கொடுத்துத் தண்டனைக்கு ஆளானவர். வாழ்க்கைக் கதைகளுக்கு இடையே உள்ள இந்த ஒப்புமையை இன்றைய வாசகரும் எளிதில் காணலாம்.

குறள் முன்னுரையுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. வள்ளுவரை வியந்தபோது போப் அவரைக் கிறிஸ்தவத்துக்குக் கடன்பட்டவராகக் கண்டார். மாணிக்கவாசகரை வியந்தபோது அவரைக் கிறிஸ்தவப் புனிதர்களுக்குப் பக்கத்தில், சைவராகவே நிறுத்தினார். போப்பின் மதநம்பிக்கை மாறவில்லை. வேறு ஒருவரின் நம்பிக்கையை அதன் சொற்களிலேயே கேட்கும் பொறுமை கூடியிருந்தது.

மொழிபெயர்ப்பின் எல்லைகள்

சைவ அறிஞர்கள் போப்பின் நூலைப் பெருமதிப்புடன் வரவேற்றனர். அதேசமயம் சித்தாந்த விளக்கத்தில் அவருக்குக் கிறிஸ்தவப் பார்வை குறுக்கிட்டது என்பதையும் சுட்டினர். அருள் என்னும் சொல் நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் அதற்குப் போப் பயன்படுத்திய கிரேஸ் என்னும் சொல் கிறிஸ்தவ இறையியலில் ஆழமாக வேரூன்றியது. அச்சொல்லைப் படிக்கும் ஆங்கில வாசகர் மனதில் ஆதிபாவம், மீட்பு என்னும் கருத்துகள் உடன் எழும். சைவ சித்தாந்தத்தில் அருள் என்பது ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்களுடன் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது. பாசம், பக்குவம், சத்திநிபாதம் போன்ற சொற்களுக்கும் இதே சிக்கல் உண்டு. போப் தன் குறிப்புகளில் இவற்றை விளக்க முயன்றார். எல்லா இடங்களிலும் வெற்றி பெற்றார் எனச் சொல்ல முடியாது.

செய்யுள் நடையும் பழமையானது. விக்டோரியா காலத்து ஆங்கிலப் பக்திப் பாடல்களின் மொழி இன்றைய வாசகருக்கு அந்நியமாகத் தோன்றலாம். திருவாசகத்தின் நெகிழ்ச்சி அதன் ஓசையில் உள்ளது. அம்மானை, ஊசல், பொற்சுண்ணம் எனப் பெண்களின் விளையாட்டுப் பாடல் வடிவங்களில் அமைந்த பகுதிகள் அவை. அந்த இசையை மொழிபெயர்ப்பில் கொண்டுவருவது இயலாதது. மூலத்தையும் உடன் அச்சிட்டதன் வழியாக, மொழிபெயர்ப்பைத் தாண்டித் தமிழுக்கே வாசகரை அழைத்துச்செல்லப் போப் விரும்பினார் எனலாம்.

தமிழறிஞர்களுடன் தொடர்பு

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபடியே போப் தமிழ்நாட்டு அறிஞர்களுடன் கடிதத் தொடர்பில் இருந்தார். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளை வரவழைத்துப் படித்தார். 1894-ல் சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த பிறகுதான் போப்பின் புறநானூற்று மொழிபெயர்ப்புகள் இயன்றன. ஜே.எம். நல்லசாமி பிள்ளை 1897 முதல் நடத்திய சித்தாந்த தீபிகை இதழ் போப்பின் ஆக்கங்களை வெளியிட்டது. நல்லசாமி பிள்ளை சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சைவர். சைவ மறுமலர்ச்சி வலுப்பெற்றுவந்த அக்காலத்தில், சைவ அறிஞர்களும் ஆங்கிலிக்கன் குருவும் ஒரே இதழில் ஒரே நூல்களைப் பற்றி எழுதினர். ஐம்பதாண்டுகளுக்கு முன் தஞ்சையில் சக கிறிஸ்தவர்களுடனேயே இணங்கமுடியாத போப்புக்கு முதுமையில் அமைந்த நட்புகள் இவை.

தொன்மமும் கல்லறையும்

1906-ல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி போப்புக்குத் தன் தங்கப் பதக்கத்தை வழங்கியது. 1908 பிப்ரவரியில் தன் 87-ம் வயதில் போப் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். அங்குள்ள புனித செபுல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தன் கல்லறையில் ஒரு தமிழ் மாணவன் இங்கே உறங்குகிறான் என்று பொறிக்கும்படி போப் கேட்டுக்கொண்டார் என்ற செய்தி தமிழகத்தில் பரவலாகச் சொல்லப்படுகிறது. பாடநூல்களிலும் மேடைகளிலும் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. கல்லறையில் அப்படி ஒரு வாசகம் இல்லை. அங்குள்ள ஆங்கிலக் கல்வெட்டு அவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் எனக் குறிப்பிட்டு, அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு பதவிகளைச் சொல்கிறது. அவருடைய வாழ்நாள் உழைப்பைப் போற்றி அவருடைய குடும்பத்தினரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை அமைத்ததாக அது தெரிவிக்கிறது. திருவாசகத்தைப் படித்துப் போப் சிந்திய கண்ணீர் அவர் எழுதிய கடிதத்தில் விழுந்தது என்ற கதையும் இதே வகையானது.

இக்கதைகள் போப்பைத் திருவாசகத்தால் ஆட்கொள்ளப்பட்ட அடியவராக ஆக்குகின்றன. மாணிக்கவாசகருக்குத் திருப்பெருந்துறை எப்படியோ, போப்புக்குத் திருவாசகம் அப்படி என்னும் புராண அமைப்பு இவற்றில் உள்ளது. தமிழ்ச் சமூகம் தான் நேசித்த ஒருவரைத் தனக்குத் தெரிந்த கதை வடிவில் நினைவில் வைத்துக்கொண்டது. அதில் பிழை காண வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதைகளில் சாயர்புரத்தின் கண்டிப்பான ஆசிரியர் இல்லை. தஞ்சையில் சாதிப் பூசலில் சிக்கி விலகிய குரு இல்லை. குறளில் கிறிஸ்தவத்தைத் தேடியவரும் இல்லை. உண்மையான கல்வெட்டில் உள்ள செய்தி கதையைவிடக் குறைந்தது அல்ல. கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள் அல்லாத ஒருவருக்கு, தமிழ் நண்பர்கள் கல்லறைக் கல் அமைக்க முன்வந்தனர் என்பது ஆவணப்படுத்தப்பட்ட வரலாறு.

நினைவு

1968-ல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரைச் சாலையில் தமிழறிஞர்களுக்குச் சிலைகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் போப்பின் சிலையும் ஒன்று. வீரமாமுனிவர், கால்டுவெல் ஆகியோரின் சிலைகளும் அங்கே உள்ளன.

மதிப்பீடு

போப்பின் மொழிபெயர்ப்புகளுக்குப் பின் திருக்குறளுக்கும் திருவாசகத்துக்கும் பல ஆங்கில ஆக்கங்கள் வந்துவிட்டன. இன்று அவருடைய செய்யுள் நடையை வாசிப்பின்பத்துக்காக நாடுபவர்கள் குறைவு. ஆயினும் மூலம், மொழிபெயர்ப்பு, குறிப்பு, சொல்லடைவு என ஒரு தமிழ்ச் செவ்வியல் நூலை ஐரோப்பியச் செவ்வியல் நூல்களுக்கு நிகரான பதிப்பு முறையில் உலகின் முன் வைத்தவர் என்னும் இடம் அவருக்கு உண்டு. கிரேக்க, லத்தீன் நூல்களை வெளியிட்ட அதே அச்சகம் நாலடியாரையும் திருவாசகத்தையும் வெளியிட அவரே காரணம்.

போப் இறுதிவரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தார். தமிழ் மக்களிடம் பேச விரும்புபவர் அவர்கள் மிகவும் நேசிக்கும் நூலைப் படித்திருக்க வேண்டும் என்ற எளிய கடமையிலிருந்து அவர் தொடங்கினார். பேசுவதற்காகக் கற்ற மொழி, நாளடைவில் கேட்பதற்கான மொழியாயிற்று. அந்த மாற்றத்துக்கு 1837 முதல் 1900 வரையிலான 63 ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒரு நாளில் நிகழ்ந்த ஆட்கொள்ளலாக அதைச் சொல்வதைவிட, நீண்டகாலம் ஒரு மொழியின் முன் மாணவராக அமர்ந்திருந்ததன் விளைவாகக் காண்பதே பொருத்தமானது. அந்த வகையில், கல்லறையில் பொறிக்கப்படாத அந்த வாசகம் பொருளளவில் தவறானதல்ல.